கோடரி இல்லாத ஒன்று

படகு கரை தட்டும் முன்பே
ஓட்லௌக் வந்து நின்றிருப்பாள்,
மீன்பண்ணை ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்,
போன தடவை கொண்டுபோன நான்கு நாவல்களை
ரொட்டி வாங்கிய பையில் சுற்றிக்கொண்டு.

"இந்த முறை கோடரி வேண்டாம்" என்றாள்.
"பனியில் ரத்தம் வேண்டாம்.
மூன்றாம் பக்கத்திலேயே
அப்பனுக்காகப் பழிவாங்கக் கிளம்பும் பையன் வேண்டவே வேண்டாம்.
அவன் கிளம்பிப் போன பிறகு
மாட்டுக்கு யார் வைக்கோல் போட்டது?
அது இருக்கிறதா எதிலாவது?"

பதினோரு வருடமாக
இந்தப் புத்தகப் படகில் அலமாரி பார்க்கிறேன்.
ஃபியோர்டின் வாயைத் தாண்டினால்
குறுக்கே கயிறு கட்டிவிடுவேன்.
அப்படியும் விழும்.
விழுவது பெரும்பாலும் அரசர்கள்தான்:
கனத்த அட்டை, ஐந்து பாகம்.
அட்டையில் கொம்பு வைத்த தலைக்கவசம் இருந்தால்
தவணைத் தேதிச் சீட்டைக்
கொம்பின் மேலேயே ஒட்டுவேன்.
என்னால் ஆன வரலாற்றுத் திருத்தம்.

உப்புக் காய்ச்சுகிறவளின் நாவலை எடுத்தேன்.
முந்நூறு பக்கம் கடல்நீர் கொதிக்கிறது.
அரசன் செத்த சேதி அவளுக்கு வந்து சேர
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
வந்ததும் அவள் கேட்பது உப்பு என்ன விலை என்று.
"படித்தாயிற்று" என்றாள் ஓட்லௌக்.
"அத்தனை காய்ச்சியும்
ஒரு தடவைகூடக் கை வெந்துபோகவில்லை அவளுக்கு."

பெர்கன் துறைக்குக் கப்பலோடு கொள்ளைநோய் வருகிற நாவல்
நல்ல நாவல்.
ஆனால் நவம்பரில் அதை யாருக்கும் தரமாட்டேன்.
முதலில் வெயில் திரும்பட்டும்.

ஐஸ்லாந்து நாவல் ஒன்று உண்டு:
சட்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்கிறவனுக்கு
மறதி தொடங்குகிறது.
சபையில் எல்லோருக்கும் தெரிகிறது,
வாய் திறக்க ஆளில்லை,
அவன் மறந்தபடியே தீர்ப்பாகிறது.
தபால்காரர் ஹால்வார் அதை மூன்று முறை எடுத்திருக்கிறார்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
இப்போதும் அவரிடம்தான் இருக்கிறது.

கடைசியில், கீழ்த்தட்டில்,
ஈரம் பட்டு உப்பிப்போன மெல்லிய புத்தகம்.
மரத் தேவாலயத்துக்குத் தார் காய்ச்சிக் கொடுத்த ஒருத்தி.
வரிப்பதிவேட்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரே வரி:
விதவை, பசு ஒன்று.
எழுதியவர் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு
ஒரு குளிர்காலம் முழுக்க எழுதியிருக்கிறார்.
பசுவுக்குப் பெயர் வைத்தார்.
அவளுக்கு வைக்கவில்லை.
"பசு சாகிறதா?"
"சொல்ல மாட்டேன்."
பையில் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரியில் திரும்பி வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.
ஓரத்தில் பென்சில்:
"கன்று போட்ட அன்றைக்கு இவ்வளவு தூரம் நடக்கமாட்டாள்."
இன்னொரு பக்கத்தில்: "இது சரி."
அந்த ஒரு சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

பிறகு கவனித்தேன்,
'விதவை' என்று வருமிடமெல்லாம்
மேலே சின்னதாக ஒரு பெயர்.
குன்வோர். அடித்திருக்கிறது.
ஓசா. அடித்திருக்கிறது.
நாற்பது பக்கம் ரக்ன்ஹில் தாக்குப்பிடித்திருக்கிறாள்,
அப்புறம் அவளும் இல்லை.
பசு படுத்துவிடும் இரவில் மட்டும்
பெயர் எதுவும் எழுதவில்லை.
பென்சில் முனை தாளை அழுத்திய பள்ளம் இருக்கிறது.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கியிருந்தால்
அழித்துவிட வேண்டும் என்பது விதி.
ரப்பர் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது,
முனை தேயாமல்.

அடுத்த தீவில் தாரால் ஏறினான்,
படகு எஞ்சின் பார்க்கிறவன், விரலெல்லாம் கருப்பு.
வைக்கிங் கதை ஏதாவது, என்றான்,
பெரிய சண்டையாக இருந்தால் நல்லது.
தார் காய்ச்சுகிறவளைக் கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்து முகம் சுளித்தான்:
"யாரோ எழுதிக் குதறி வைத்திருக்கிறார்களே.
இவள் பெயர்தான் என்ன?"

தெரியவில்லை, என்றேன்.
பென்சில் வேண்டுமா?